பேசாத பொம்மை வாங்குங்கள்

என் தங்கை மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளில் நான்கு பேசின. ஒரு குட்டி லேப்டாப், ஒரு செல்போன், கதவைத் திறந்தால் மாடு கத்தும் பண்ணை வீடு, வயிற்றை அமுக்கினால் பாடும் கரடி. நான்கும் ஆங்கிலம்தான் பேசின, அதிலும் அமெரிக்க ஆங்கிலம். விருந்தினர் கிளம்பிய பிறகு நாங்கள் ஆறு பெரியவர்கள் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் பொத்தானை அமுக்கினாள். லேப்டாப் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்றது. நாங்கள் சிரித்தோம். அவள் மறுபடி அமுக்கினாள், நாங்களும் மறுபடி சிரித்தோம். கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அத்தனை நேரமும் நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தை அமெரிக்காவில் ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியை ஆராயும் அன்னா சோசா, 10 முதல் 16 மாத வயதுள்ள 26 குழந்தைகளின் வீடுகளுக்கு மூன்று வகைச் சாமான்களைக் கொடுத்தார். முதல் வகை பேட்டரியில் ஓடுபவை: குழந்தை லேப்டாப், பேசும் பண்ணை, குழந்தை செல்போன் (எங்கள் வீட்டுப் பட்டியலை யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல). இரண்டாவது வகை மரப் புதிர், வடிவங்களை அதனதன் துளையில் போடும் பெட்டி, படம் பதித்த ரப்பர் கட்டைகள். மூன்றாவது, ஐந்து கெட்டி அட்டைப் புத்தகங்கள். பெற்றோர் வழக்கம்போலக் குழந்தையோடு விளையாட வேண்டும், பேச்சு பதிவாகும். அவ்வளவுதான்.

முடிவு 2015 டிசம்பரில் வெளியானது. புத்தகம் கையில் இருந்தபோது பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 67 சொற்கள் பேசியிருந்தார்கள். புதிரும் கட்டையும் இருந்தபோது 56. மின்பொம்மை இருந்தபோது 40. சொற்கள் மட்டும் குறையவில்லை. குழந்தை 'பா', 'தா' என்று ஏதோ சொன்னதற்குப் பெரியவர் பதில் கொடுப்பதும், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வதும் குறைந்திருந்தன. புத்தகத்தோடு இருந்ததைவிட மின்பொம்மையோடு இருந்தபோது குழந்தைகளே குறைவாகத்தான் குரல் கொடுத்தார்கள். அதே அம்மா, அதே வீடு. மாறியது சாமான் மட்டும். 26 வீடுகள் சிறிய எண்ணிக்கைதான். அவையும் பெரும்பாலும் படித்த வெள்ளையினக் குடும்பங்கள். ஆனால் அந்த ஆறு பெரியவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த எண்களை நம்புவதில் சிரமம் எதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். பொம்மைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம். பொம்மை பேசி முடித்ததும் குழந்தை அடுத்த பொத்தானை அமுக்கிவிடுகிறது. நடுவே நாம் நுழைய இடைவெளியே கிடைப்பதில்லை. அதோடு, அது கற்றுக்கொடுக்கிறது என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் வந்துவிட்டதென்று நாம் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஒரு வயதுக் குழந்தை ஒரு சொல்லை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். குழந்தை கிண்ணத்தைப் பார்க்கிறது. அது பார்ப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். 'கிண்ணம்' என்கிறீர்கள். இரண்டு பேரின் கவனமும் ஒரே பொருளில் விழுந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. உளவியலாளர் மைக்கேல் தோமாசெல்லோவும் அவருடைய சகா ஃபராரும் 1986-இல் காட்டியது இதுதான்: குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பெயரைச் சொன்னால் அது நன்றாகப் பதிகிறது, கவனத்தை வேறு பக்கம் திருப்பி 'இதைப் பார்' என்று சொல்லிக்கொடுத்தால் அவ்வளவாகப் பதிவதில்லை. லேப்டாப்புக்குக் கண் கிடையாது. குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அது 'சர்க்கிள், சர்க்கிள்' என்றே சொல்லும்.

இந்த விஷயம் தமிழுக்குப் புதிதல்ல. ஆட்காட்டி விரலுக்குச் சுட்டுவிரல் என்று பெயர். சோறூட்டும்போது நிலாவைச் சுட்டிக் காட்டுகிறோமே, அங்கே நடப்பதும் இரண்டு பேர் ஒரு பொருளை ஒன்றாகப் பார்ப்பதுதான். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை இதற்கென்றே அம்புலி என்று ஒரு பருவத்தை ஒதுக்கியிருக்கிறது. கைகொட்டச் சொல்லும் சப்பாணிப் பருவமும், ஆண்பாலுக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் அதில் உண்டு. பெரும்பாலும் ஏதோ ஒரு விளையாட்டு, அதைச் சொல்லிப் பாட ஒரு பெரியவர் குரல். குரல் இல்லாத விளையாட்டுப் பருவம் ஒன்றைக்கூடப் புலவர்கள் பாடவில்லை.

சரி, பெரியவர் குரலைப் பதிவுசெய்து வைத்தால் போதாதா? போதாது என்பதற்கு இன்றுவரை நான் கண்ட ஆகச் சிறந்த சான்று சியாட்டிலில் நடந்த சோதனை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை மாண்டரின் சீனம் பேசுபவர்களோடு 12 தடவை விளையாட விட்டார். பொம்மை, புத்தகம், சீனப் பேச்சு. முடிவில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் தைவானில் வளர்ந்த குழந்தைகளைப் போலவே பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் பேசியதை அதே அளவு டிவியில் காட்டினார்கள். வேறொரு குழுவுக்கு ஒலியை மட்டும் கேட்கவிட்டார்கள். இந்த இரண்டு குழுக்களும் எதையும் கற்றிருக்கவில்லை. 2003-இல் இது வெளியானபோது குழந்தைகளுக்கான வீடியோ வியாபாரம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. 1996-இல் ஒரு தாய் தன் வீட்டில் தொடங்கிய 'பேபி ஐன்ஸ்டைன்' நிறுவனத்தை டிஸ்னி 2001-இல் வாங்கியிருந்தது. 2009-இல், வாங்கிய டிவிடிகளைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திரும்பத் தருவதாக டிஸ்னி அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூடி டெலோச் குழுவினர், ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் அப்படியொரு வீடியோவைக் காட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு சொற்களைத்தான் அறிந்திருந்தார்கள். வீடியோவே இல்லாமல், அதே சொற்களை அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே முன்னால் நின்றார்கள்.

ஆகவே கடையில் நிற்கும்போது, இந்தப் பொம்மை என்ன கற்றுக்கொடுக்கும் என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். இதை வைத்துக்கொண்டு என்னால் என்ன பேச முடியும் என்று பார்க்கிறேன். கையில் எடுத்து மனதுக்குள் பத்து வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். லேப்டாப்பை எடுத்தால் 'அமுக்கு', 'இன்னொரு தடவை அமுக்கு' என்பதோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது. பந்தை எடுத்தால்? உருட்டு, பிடி, எறி, மேலே போயிற்று, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, கை எட்டவில்லை, தாத்தாவிடம் கொடு, அப்பா பிடிக்கட்டும், ஐயோ ஈரம், துடைத்துவிடு. முப்பது ரூபாய்ப் பந்து. கடைக்காரருக்கு இந்த அளவுகோல் பிடிக்காது.

அந்தப் பத்து வாக்கியங்களில் வினைச்சொற்கள் எத்தனை என்று கவனியுங்கள். பொம்மைக் கம்பெனிகள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத்தான் விற்கின்றன: ஆப்பிள், பால், கேட். முதல் சொற்கள் பெயர்ச்சொற்களாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்து வந்தது. கொரிய மொழியிலும் சீனத்திலும் பார்த்தவர்கள், அங்கே குழந்தைகள் வினைச்சொற்களையும் சீக்கிரமே தாராளமாகப் பேசுவதைக் கண்டார்கள். கொரிய வாக்கியம் வினையில் முடியும். எழுவாயும் செயப்படுபொருளும் தெரிந்தவையாக இருந்தால் விட்டுவிடலாம். தமிழும் அப்படித்தான். 'எடு', 'கொடு', 'வை', 'வா' என்று ஒற்றை வினையே நமக்கு முழு வாக்கியம். கூடவே, தமிழ் வினை ஒரு வடிவத்தில் நிற்பதில்லை. ஊற்று, ஊற்றாதே, ஊற்றட்டுமா, ஊற்றிவிட்டாய், ஊற்றிக்கொள், ஊற்றிக்கொடு. ஒரே வேர் பத்து உடையில் வந்து நிற்கிறது. பத்து உடையிலும் பார்த்தால்தான் உள்ளே இருப்பது ஒரே ஆள் என்று குழந்தைக்குத் தெரியும். அதற்கு ஊற்றிக்கொண்டே இருக்கக்கூடிய ஒரு விளையாட்டு வேண்டும்.

அந்த விளையாட்டு நம்மிடம் இருக்கிறது. சொப்புச் சாமான். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் மரச் சொப்பு கிடைத்தால் அழகு. கோயில் வாசலில் விற்கும் எவர்சில்வர் செட்டும் குறைந்ததில்லை. குழந்தை இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதென்றால் குட்டிச் சாமான் வேண்டாம், நிஜச் சமையலறைச் சாமானே நல்லது. என் அம்மா செய்தது அதுதான். பரணில் கிடந்த பழைய அஞ்சறைப் பெட்டியைக் கழுவி, பேத்தியின் முன்னால் வைத்தாள். பெயர் அஞ்சறை, கிண்ணம் ஏழு. இந்தக் கணக்கு எப்போது மாறியது என்று என் அம்மாவுக்கும் தெரியவில்லை. குழந்தை முதலில் ஏழையும் வெளியே எடுத்துப் போட்டாள். பிறகு உள்ளே வைக்க முயன்றாள். 'மூடி எங்கே? இதோ மூடி. மூடு. ஐயோ, மூடவில்லையே! ஒரு கிண்ணம் வெளியே நிற்கிறது பார்.' அம்மா வற்றல் போட்டுக்கொண்டே இத்தனையும் பேசினாள். கற்றுக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்திருக்காது. அதனாலேயே நாள் முழுவதும் அலுக்காமல் பேச முடிந்தது.

ஒன்றரை வயதைத் தாண்டினால் சொப்பில் இன்னொன்று தொடங்குகிறது. காலிக் கிண்ணத்திலிருந்து குழந்தை காப்பி குடிக்கும், உங்களுக்கும் கொடுக்கும். இல்லாத காப்பி. இரண்டு வயதை நெருங்கும்போது பொருளே மாறிவிடும்: சீப்பு செல்போனாகும், கரண்டி கரடிக்குத் தைலம் தேய்க்கும். ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கலாம் என்று குழந்தை கண்டுகொண்டுவிட்டது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றி எழுதியபோது இதைத்தான் பிடித்தார். 'காப்பி' என்ற ஒலியும் காப்பிக்குப் பதிலாக நிற்கும் ஒன்றுதானே? பொம்மை செல்போன் செல்போனாக மட்டுமே இருக்கும், அதுவும் ஒலி எழுப்பினால் கட்டாயமாக. சீப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மரப்பாச்சிக்கும் இதே பெருமை உண்டு. முகத்தில் எந்த உணர்ச்சியும் செதுக்கப்படாத அந்தப் பொம்மை, குழந்தை சொன்னால் அழும், சொன்னால் தூங்கும். துணி கட்டலாம், அவிழ்க்கலாம், குளிப்பாட்டலாம், மூக்கு எங்கே என்று கேட்கலாம்.

அடுத்து ஓசை. பேசும் பொம்மை வேண்டாம் என்றால் ஓசையே வேண்டாம் என்று பொருளில்லை. கிலுகிலுப்பை, குடுகுடுப்பை, டமாரம்: இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், பொருள் எழுப்பும் ஓசையே பெயராகியிருக்கிறது. ஒலிக்குறிப்பு தமிழில் பஞ்சமில்லாத சரக்கு. மணி கிணுகிணுக்கும், தண்ணீர் சலசலக்கும், கட்டை தடதடவென்று சரியும், பந்து குடுகுடுவென்று ஓடும். இவற்றைக் கொஞ்சல் மொழி என்று ஒதுக்குகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மொழியிலும் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். முத்சுமி இமாயும் சகாக்களும் 2008-இல், மூன்று வயதுக் குழந்தைகளுக்கு, விதவிதமான நடைகளைக் குறிக்கும் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். நடைக்குப் பொருந்தும் ஒலிக்குறிப்பாக இருந்த வினையைக் குழந்தைகள் சரியாகப் பிடித்துக்கொண்டு, வேறொருவர் அப்படி நடந்தபோதும் அடையாளம் கண்டார்கள். சாதாரண ஒலியாலான வினையில் தடுமாறினார்கள். பிறகு ஜப்பானியமே தெரியாத ஆங்கிலக் குழந்தைகளிடம் சோதித்தபோதும் ஒலிக்குறிப்பு உதவியது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டிவிட்டு 'ஆடுகிறது' என்று சொல்லலாம். 'திங்கு திங்கென்று ஆடுகிறது' என்றும் சொல்லலாம். இரண்டாவது வாக்கியத்தைக் குழந்தை அன்றைக்கே திருப்பிச் சொல்லும்.

கட்டைகளைப் பற்றி ஒரு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சியாட்டிலில் டிமிட்ரி கிரிஸ்டாகிஸ், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 175 குழந்தைகளில் பாதிப் பேருக்கு மட்டும் கட்டைகளையும் அவற்றை வைத்து என்ன விளையாடலாம் என்ற குறிப்புகளையும் அனுப்பினார். ஆறு மாதம் கழித்து அவர்களின் மொழி மதிப்பெண் கூடுதலாக இருந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கட்டை தயாரிக்கும் கம்பெனி. இதைச் சொல்லாமல் மேற்கோள் காட்டுபவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அதே சமயம், குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர் தரையில் உட்கார அது ஒரு சாக்கு. வடிவப் பெட்டியில் மின்சார வகையையும் சாதா வகையையும் ஒப்பிட்ட ஜெனிஃபர் ஜாஷ் குழுவின் 2015 ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. சாதாப் பெட்டியோடு உட்கார்ந்த பெற்றோர்தான் உள்ளே, மேலே, திருப்பு, வட்டம், மூலை போன்ற இடமும் வடிவமும் சார்ந்த சொற்களை அதிகம் பேசினார்கள். தமிழில் இந்தச் சொற்களோடு வேற்றுமை உருபும் சேர்ந்து வரும்: பெட்டிக்குள், பெட்டியில், பெட்டியிலிருந்து. கட்டையை உள்ளே போட்டு எடுக்கும் குழந்தைக்கு அது இலக்கணப் பாடம், தேர்வு இல்லாமல்.

அதிகம் செலவாகாத இன்னொரு யோசனையும் உண்டு. ஒரே பெயருள்ள பொருளை வெவ்வேறு வடிவில் சேர்த்து வையுங்கள். எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் கிண்ணம், மரக் கிண்ணம். நிறமும் எடையும் வேறு, பெயர் ஒன்று. இண்டியானாவில் லிண்டா ஸ்மித் குழுவினர் 17 மாதக் குழந்தைகளுக்கு ஏழு வாரம் இப்படி, வடிவத்தால் ஒன்றுபட்டு மற்றதில் வேறுபட்ட பொருள்களோடு விளையாட்டுக் காட்டினார்கள். ஆய்வகத்துக்கு வெளியேயும் அந்தக் குழந்தைகளின் பொருட்பெயர்கள் மளமளவென்று பெருகின. பெயர் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்ற சூட்சுமம் ஒரு தடவை பிடிபட்டால் மற்றவை தாமாக வரும். விலங்குப் பொம்மை வாங்குவதென்றால் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் மாடு, ஆடு, காகம். தெருவில் இறங்கினால் அதே சொல் மறுபடி வேண்டியிருக்குமே.

எத்தனை பொம்மை? அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை, ஒரு தடவை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு தடவை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். பதினாறு இருந்தால் தாவல்தான். மீதியைக் கட்டைப்பையில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டு, வாரம் ஒரு தடவை மாற்றினால் பழையதே புதியதாக வரும்.

வாரம் ஒரு தடவை பொம்மை மாற்றுவது என்றதும் எனக்கு ஜமைக்காதான் நினைவுக்கு வரும். இந்த விஷயத்தில் எதை மறந்தாலும் அந்த ஆய்வை மறக்கக் கூடாது. 1980-களின் பின்பாதியில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம் மெக்கிரகரும் சகாக்களும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 9 முதல் 24 மாத வயதினர். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடப் பழக்குவார். அவர் பையில் இருந்தவை வீசியெறிந்த பொருள்களில் செய்தவை: பிளாஸ்டிக் பாட்டில், துணிப் பொம்மை, அட்டையில் வெட்டிய புதிர், மரக்கட்டை. போகும்போது அவற்றை விட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பார். தாயிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, குழந்தையோடு பேசு, அது செய்வதற்குப் பெயர் சொல், செய்தால் பாராட்டு. இரண்டு ஆண்டு இது நடந்தது. இருபது ஆண்டு கழித்துத் தேடிப் போனார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. நல்ல பொம்மை வாங்கித் தர வசதி இல்லையே என்று வருந்தும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

ஆங்கிலம் பேசும் பொம்மையை வாங்குவதில் நம் ஊரில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது: சின்ன வயதிலேயே ஆங்கிலம் காதில் விழட்டும். ஆசையில் தவறில்லை. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்பதும் உண்மையில்லை. உலகில் எத்தனையோ கோடிக் குழந்தைகள் இரண்டு மொழியில் வளர்கிறார்கள். ஆனால் காதில் விழுவதால் மொழி வராது என்பதைச் சியாட்டில் குழந்தைகளிடம் பார்த்தோம். வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் இருந்தால் அவர் பேசட்டும். இல்லையென்றால் பொம்மை ஆங்கிலத்தால் நடப்பது ஒன்றே ஒன்று: தாத்தாவும் பாட்டியும் விளையாட்டிலிருந்து விலகிவிடுவார்கள். லேப்டாப் என்ன சொல்கிறது என்று புரியாமல் என் அம்மா தள்ளி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே அதிகம் பேசக்கூடிய ஆள் அவள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. மூன்று வயதுக்குள் வாய்க்குள் அடங்கும் எதுவும் வேண்டாம். பேசும் பொம்மையை என்ன சொன்னாலும் யாராவது பரிசளிக்கத்தான் போகிறார்கள். அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. செல்போன் திரையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டாம், இரண்டு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எந்தப் பொம்மையாலும் தீராத ஒன்றும் உண்டு. ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். இரண்டு வயதில் 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேர வேண்டும். இரண்டரையில் ஏறத்தாழ ஐம்பது சொல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் வைத்த எல்லைகள் இவை. நான்கில் மூன்று குழந்தைகளாவது அந்த வயதுக்குள் எட்டுபவை. எட்டவில்லையென்றால், 'அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்' என்ற சமாதானத்தை ஒதுக்கிவிட்டு முதலில் காது சோதனை செய்துவிடுங்கள். சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அந்த வயது வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பல மாவட்டங்களில் அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரின் அறைக்குள் போனால் ஒன்று கவனிப்பீர்கள். அவர் தரையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பந்து, கட்டை, சொப்பு, சோப்பு நுரை ஊதும் டப்பா. ஊதிவிட்டு நிறுத்துவார். குழந்தை ஏதாவது சொல்லும்வரை அடுத்ததை ஊத மாட்டார்.

எங்கள் வீட்டு லேப்டாப்பின் பேட்டரி நாலைந்து மாதத்தில் தீர்ந்துபோயிற்று. புதிதாகப் போட யாருக்கும் தோன்றவில்லை. மருமகளுக்கு இப்போது இரண்டு வயது. நேற்று அதைத் தரையில் மல்லாக்க விரித்து வைத்து, அஞ்சறைப் பெட்டியின் கிண்ணம் ஒன்றால் அதன்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன். தோசைக்கல்லாம். ஒரு தோசையைத் திருப்பிப் போட்டு, எடுத்து என் கையில் வைத்துவிட்டு, 'மாமா, சட்னி?' என்றாள். தக்காளிச் சட்னி கேட்டேன். தீர்ந்துபோய்விட்டதாம், தேங்காய்தான் இருக்கிறதாம்.